துணைவேந்தருக்கு ஓர் இ-பாஸ்

சீசனில் ஊட்டிக்கு வர இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் கணக்கும் போட்டுக் கொடுத்துவிட்டது. கல்லாறு செக்போஸ்ட்டில் பாஸைக் காட்டினால் யாரும் மலையேறலாம். ஆனால் அந்த மாதம் 25ஆம் தேதி, தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கு மட்டும் அந்தப் பாஸ் போதவில்லை.

ஊட்டி ராஜ்பவனில் அன்றைய ஆளுநர் ஆர்.என். ரவி கூட்டிய துணைவேந்தர்கள் மாநாடு அது. தொடங்கி வைக்க அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ஜகதீப் தன்கரே மலையேறி வந்துவிட்டார். மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரர்கள்தான் வரவில்லை. ஊட்டி வரை வந்து தங்கியவர்களின் கதவை நடுராத்திரியில் ரகசியப் போலீஸ் தட்டியது என்று ஆளுநர் மேடையிலேயே குமுறினார்.

தட்டியிருந்தால் வெட்கக்கேடு, அதில் பேச்சே இல்லை. ஆனால் குமுறியவர் யார்? பதின்மூன்று நாள் முன்னால் மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரி மேடை ஏறி, மாணவர்களை ‘ஜெய் ஸ்ரீராம்’ சொல்லச் சொன்னவர். துணைவேந்தர் நாற்காலியை ஆளுக்கொரு காலாகப் பிடித்து இழுக்கிற ஆளுநர், மாநில அரசு என்ற இரண்டு தரப்புக்கும் நாற்காலிதான் முக்கியம். வகுப்பறை யாருக்கு வேண்டும்?

அது போகட்டும், ராத்திரியில் கதவைத் தட்டி எதற்குப் போலீஸ்காரர் தூக்கத்தைக் கெடுக்க வேண்டும்? பட்டப்பகலில் ஒரு மனு போதுமே. திருநெல்வேலி காட்டிய வழி அது. மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. ஆங்கிலத்துக்கு அருந்ததி ராயின் ‘வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்’ 2017 முதல் பாடம். மத்திய இந்தியக் காட்டில் மாவோயிஸ்டுகளோடு நடந்து போய் எழுதிய நூல். மூன்று வருஷம் பிள்ளைகள் படித்தார்கள், நோட்ஸ் எடுத்தார்கள், பரீட்சை எழுதினார்கள். துப்பாக்கியோடு யாரும் பொதிகை மலை ஏறியதாகத் தெரியவில்லை. ஏறியதெல்லாம் டெட் தேர்வு கோச்சிங் சென்டரின் மாடிப்படிகளாகத்தான் இருக்கும். 2020 நவம்பரில், இது தேச விரோத நூல் என்று ஏபிவிபி மாணவர் அமைப்பு முறையிட்டது. ஒரு வாரத்துக்குள் குழு கூடியது, நூல் போனது. ஒரு பாடத்தை உள்ளே கொண்டுவரப் பாடத்திட்டக் குழு, கல்விக் குழு என்று படிப்படியாக ஏறி இறங்க வேண்டும். வெளியே தள்ளத்தான் இத்தனை சுறுசுறுப்பு.

காலியான இடத்தில் மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகளை வைத்தார்கள். அதிலும் காடு, இதிலும் காடு; இதில் அணில்தான் இருக்கிறது, அணில் யாருக்கும் எதிராகக் கோஷம் போடாது என்று நினைத்திருப்பார்கள். அவர் யார் பிள்ளை என்று ஒரு முறையாவது பார்த்தார்களா? அ. மாதவையாவின் பிள்ளை. 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழக செனட்டில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி, அந்த மண்டபத்திலேயே உயிரை விட்டவர் மாதவையா. ஒரு பாடம் உள்ளே வரவேண்டும் என்று பேசிச் செத்தவரின் மகன் எழுதிய நூலை, ஒரு பாடத்தைத் துரத்திய ஓட்டையில் கந்தல் துணியாக அடைத்தார்கள்.

வெளிநாட்டிலும் இதே கூத்துதான். 2002இல் அமெரிக்காவில் ‘கேம்பஸ் வாட்ச்’ என்ற அமைப்பு, மத்திய கிழக்கு ஆய்வுப் பேராசிரியர்கள் எட்டுப் பேர் மீது கோப்பு திறந்து ஊரறியப் போட்டது. நூறு பேர் அளவில் பேராசிரியர்கள் ‘என் பெயரையும் சேர்’ என்று எழுதினார்கள். கோப்புகளை அந்த அமைப்பு எடுத்துவிட்டது. 2025 மார்ச்சில் அரசாங்கமே காவலுக்கு வந்துவிட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கான 40 கோடி டாலரை நிறுத்தி, மத்திய கிழக்கு, தெற்காசிய, ஆப்பிரிக்க ஆய்வுத் துறையை வேறொருவர் பொறுப்பில் விடச் சொன்னது. கொலம்பியா பணிந்து, துறையைக் கண்காணிக்க ஓர் அதிகாரியை உட்காரவைத்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு அந்த மிரட்டல்கூடத் தேவைப்படவில்லை. 2021இல் அதன் மேற்பார்வைக் குழுவே பாமாவையும் சுகிர்தராணியையும் பாடத்திலிருந்து எடுத்துவிட்டது.

நம் மலையில் ‘நீலகிரி ஆய்வு’ என்று ஒரு படிப்பு தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். சரக்குக்குப் பஞ்சமில்லை. தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் 1906இலேயே தடித்த புத்தகம் போட்டார். கோத்தர், தோடர் மொழிகளுக்கு எமனோ, படகர்களுக்கு ஹாக்கிங்ஸ். ஊட்டி அரசுக் கலைக் கல்லூரி நிற்பதே வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவனின் கல் பங்களா வளாகத்தில்தான். அங்கே யார் மனமும் புண்படாமல் எதை நடத்துவது?

சல்லிவன் தோடர்களிடம் என்ன விலைக்கு நிலம் வாங்கினார் என்று சொல்லக் கூடாது. இன்றைய சென்ட் விலையோடு பிள்ளைகள் ஒப்பிட்டுவிடுவார்கள். தேயிலையைக் கொழுந்து வரைக்கும் நடத்தலாம். கொழுந்தைக் கிள்ளும் கைக்குப் போனால் 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் வரும். இலங்கைத் தோட்டத்து மக்களை இரண்டு அரசுகளும் தலை எண்ணிப் பங்கு பிரித்தது வரும். அவர்களைக் கூட்டிவந்து அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயின் லைன் வீட்டில் வைத்தது வரும். மழைக்கு அந்த வீடு ஒழுகுவதும் வரும். நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டத்தில் உழைத்த சீனக் கைதிகளா? சீனா என்ற பேச்சே இப்போது ஆகாது. படகர் எப்போது, எங்கிருந்து வந்தார்கள் என்பதைத் தொடவே வேண்டாம். எந்தப் பக்கம் பேசினாலும் மறு பக்கத்திலிருந்து மனு வரும்.

மிஞ்சுவது யானை. கிருஷ்ணன் வருஷக்கணக்காகக் காட்டில் நின்று பார்த்து எழுதிய பிராணி. அதுவும் லேசுப்பட்டதில்லை. அவர் நூல் நெல்லைப் பாடத்திட்டத்தில் நுழைவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், 2020 அக்டோபர் 14 அன்று, சீகூர் யானை வழித்தட அறிவிப்பு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்ட ரிசார்ட்காரர்கள் தோற்றார்கள். நாளைக்கே யாராவது ஒரு ரிசார்ட் முதலாளி, யானையைப் புகழும் நூல் சுற்றுலா வளர்ச்சிக்கு விரோதமானது என்று வெள்ளைத் தாளில் எழுதி நீட்டட்டும். குழு கூடும். கிருஷ்ணனும் போவார். இந்த முறை ஒரு வாரமெல்லாம் ஆகாது, கை பழகிவிட்டது.