பல்லை அளக்கலாமா? டேனரி டிரம்மை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோலின் பெருமையை உலகம் பேசி முடித்தாயிற்று. அந்தத் தோலை உருட்டிப் பதப்படுத்தும் மர டிரம்மையும், அதைச் சுழற்றும் பற்சக்கரத்தையும் பற்றி ஆய்வுலகம் வாய் திறக்கக் காணோம். இக்குறை நீக்க இக்கட்டுரை முன்வைக்கும் கோட்பாடு இது: பல்லின் அளவு தெரிய வேண்டுமானால் பல்லை அளக்கக் கூடாது, எண்ண வேண்டும். முதற்சான்று மாட்டுச் சந்தையிலேயே கிடைக்கிறது. அங்கே பல்லைப் பிடித்துப் பார்ப்பவர் எவரும் ஸ்கேல் கொண்டுவருவதில்லை. இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்று எண்ணியே வயதைச் சொல்லிவிடுகிறார். தோலாகி டேனரிக்குள் வந்த மாட்டுக்குப் பல் இல்லை. அந்தப் பொறுப்பை டிரம் ஏற்றுக்கொள்கிறது.

டிரம்மின் பற்சக்கரத்தோடு கடித்துச் சுழலும் சிறு சக்கரமே பினியன். சாதாரண நேர்ப்பல் பினியன் ஒன்றின் வெளிவிட்டம் 144 மி.மீ., பற்கள் 22 என்று கொள்வோம். பற்களோடு 2 கூட்டி, வெளிவிட்டத்தை அதனால் வகுத்தால் 6 வரும். இதுவே மாடியூல். பல்லின் உயரம் இதைப்போல் 2.25 மடங்கு, அதாவது 13.5 மி.மீ.; பல்லுக்குப் பல் தூரம் பை மடங்கு, சுமார் 18.85 மி.மீ. அந்தத் தூரத்தை நேரே அளந்தால் என்ன என்பார் உளர். அது கிடப்பது பற்களின் நடுவே ஓடும் கற்பனை வட்டத்தில். அதைக் கண்டவர் இல்லை. கண்டாலும், பை என்னும் முடிவிலாத் தசம எண்ணுக்கு எந்த ஸ்கேலிலும் கோடு இல்லை. தேய்ந்த பல்லானால் கணக்கு பொய்க்காதா என்பது அடுத்த ஆட்சேபம். ஈரத்திலும் உப்பிலும் உழன்று வெளிவிட்டம் 143 ஆகியிருக்கட்டும், விடை 5.96. மாடியூல் வரிசையில் 5.5, 6, 7 உண்டு, 5.96 இல்லை. ஆகவே அது 6 தான். பல் உடைந்தே போனாலும் அடிக்கட்டை சாட்சி சொல்லும்.

வலுவான ஆட்சேபம் இனிமேல்தான். அதே 22 பல், ஆனால் வெளிவிட்டம் 152.4 என்றால் விடை 6.35, வரிசையில் அதற்கு இடமில்லை. 25.4ஐ அதனால் வகுத்தால் 4 வருகிறது. அது அங்குலக் கணக்கு, 4 டி.பி. (டயமெட்ரல் பிட்ச்). மாடியூல் ஏற ஏறப் பல் பெருக்கும், டி.பி. ஏற ஏறச் சிறுக்கும். இந்த இரட்டைக் கணக்கு இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. இங்கே தோலின் தடிமன் மில்லிமீட்டரில், பரப்பு சதுர அடியில். ஷூவிலோ, ஆங்கில அளவில் ஓர் எண் ஏறினால் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஐரோப்பிய அளவில் சென்டிமீட்டரில் மூன்றில் இரு பங்கு. எனவே பட்டறையில் வெறும் எண்ணைச் சொல்லிப் பினியன் செய்யச் சொல்வது குற்றமாகும். அளவு தவறிய ஷூ காலைத்தான் கடிக்கும். அளவு தவறிய பினியன் டிரம்மின் பல்லையே கடித்துத் துப்பிவிடும்.