ஜாவா ஜெனரிக்ஸில் கெடுதல் விகாரம்: ஓர் ஆய்வுரை

பாயிரம்

பசி, போர், குடிநீர்த் தட்டுப்பாடு முதலான சில்லறைச் சிக்கல்களை ஆராய உலகில் அறிஞர் பலர் உளர். ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா நிரலை நிறுத்தி, “உன் கையில் இருப்பது ஸ்ட்ரிங் பட்டியலா, இன்டீஜர் பட்டியலா?” என்று கேட்டால் அது ஏன் திருதிருவென்று விழிக்கிறது என்பதை ஆராயத்தான் ஆளில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இவ்வாய்வு. கேட்போர் யாரெனின், கம்பைலரிடம் திட்டு வாங்கியோர். பயன் யாதெனின், இனிக் காரணம் தெரிந்து திட்டு வாங்குதல்.

முன்னோர் மரபு

1998-இல் கிலாட் பிராக்கா, மார்ட்டின் ஓடர்ஸ்கி, டேவிட் ஸ்டவுட்டமயர், பிலிப் வாட்லர் ஆகிய நால்வர் ஜாவாவுக்கு ஜெனரிக்ஸ் சேர்க்க ‘ஜிஜே’ என்னும் வடிவமைப்பை முன்வைத்தனர். அதை அடியொற்றி 2004-இல் ஜாவா 5 வெளிவந்தது. அதற்கு முன் பட்டியல் என்றால் வெறும் பட்டியல்தான். யாரும் எதையும் போடலாம், எடுப்பவர் பாடு. ஜாவா 5 வந்தபின் ‘இது ஸ்ட்ரிங் பட்டியல்’ என்று எழுதி வைத்தால், வேறு எது உள்ளே நுழைந்தாலும் கம்பைலர் மறித்துவிடும். மறிக்கும் வேலை முடிந்ததும் அந்தக் குறிப்பை அதுவே அழித்தும் விடும். இதற்கு டைப் எரேஷர் என்று பெயர்.

கருதுகோள்

தோன்றல், திரிதல், கெடுதல் எனப் புணர்ச்சி விகாரம் மூன்று என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. இம்மூன்றையும் ஜாவா கம்பைலர் ஒருங்கே செய்கிறது என்பது எம் கோட்பாடு. ‘டி’ என்னும் வகை மாறி ‘ஆப்ஜெக்ட்’ ஆவது திரிதல். அதற்கு வரம்பு விதித்திருந்தால் அவ்வரம்பாகவே திரியும். நாம் எழுதாத காஸ்டிங்கும் பிரிட்ஜ் மெத்தடும் இடையில் முளைப்பது தோன்றல். கோண அடைப்புக்குள் இருந்த ‘ஸ்ட்ரிங்’ சுவடின்றிப் போவது கெடுதல். ஐயம் கெடுதலைப் பற்றியதே: அது முழுக்கெடுதலா, அரைக்கெடுதலா?

சோதனை ஒன்று

ஸ்ட்ரிங்குக்கு ஓர் அரேலிஸ்ட், இன்டீஜருக்கு ஓர் அரேலிஸ்ட் படைத்து, இரண்டிடமும் ‘கெட்கிளாஸ்’ கேட்டு, வந்த விடைகளை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டோம். ‘ட்ரூ’ என்று வந்தது. இரண்டும் ஒரே கிளாஸ். ஓர் ஆப்ஜெக்டைக் காட்டி, “இது ஸ்ட்ரிங் பட்டியலா?” என்று ‘இன்ஸ்டன்ஸ்ஆஃப்’ கொண்டு கேட்க முயன்றால் கம்பைலர் கேள்வியையே தள்ளுபடி செய்கிறது. பெயர் ஒன்றாக, ஏற்கும் பட்டியலின் வகை மட்டும் வேறாக இரண்டு மெத்தட் எழுதினாலும் அதே கதி. அழித்தபின் இரண்டும் ஒன்றே என்று கைவிரிக்கிறது.

சோதனை இரண்டு

ஸ்ட்ரிங் பட்டியலை வகை குறிக்காத பழைய பாணி மாறி ஒன்றில் வைத்து, அதன்வழி 42 என்னும் எண்ணை உள்ளே தள்ளினோம். கம்பைலர் ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டது. ரன்டைமோ வாயே திறக்கவில்லை. பின்னர் வேறொரு வரியில் அப்பாவியாக ஒருவர் அதை ஸ்ட்ரிங்காக எடுக்கப் போக, ‘கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன்’ அவர் தலையில் விடிந்தது. போட்டவர் தப்பினார், எடுத்தவர் மாட்டினார். இது நடக்கும் என்று தெரிந்தே ஜாவா 5 ‘செக்டுலிஸ்ட்’ என்றொரு காவலாளையும் கூடவே தந்தது. அதனிடம் கிளாஸ் பொருளைக் கொடுத்து வைத்தால், போடும்போதே கையைப் பிடிக்கும்.

சோதனை மூன்று

இங்கேதான் வியப்பு. அரேலிஸ்டைப் படைக்கும் வரியின் கடைசியில் ஒரு சோடி நெளிவு அடைப்பை, உள்ளே ஒன்றும் எழுதாமல், சேர்த்தோம். இப்போது அது பெயரில்லாத் துணைக்கிளாஸ். “உன் பெற்றோர் யார்?” என்று ‘கெட்ஜெனரிக்சூப்பர்கிளாஸ்’ வழியாகக் கேட்டால், ‘அரேலிஸ்ட்’ என்பதோடு நில்லாமல், கோண அடைப்புக்குள் ‘ஜாவா.லாங்.ஸ்ட்ரிங்’ என்றும் முழுவிலாசம் சொல்கிறது! அஃதெங்ஙனம் எனின், படைக்கப்படும் பொருளில்தான் வகை அழிகிறது. கிளாஸ், ஃபீல்டு, மெத்தட் ஆகியவற்றின் அறிவிப்பில் எழுதிய வகை கிளாஸ் ஃபைலின் ‘சிக்னேச்சர்’ பகுதியில் அப்படியே கிடக்கிறது. எனவே இது அரைக்கெடுதலே என்க.

இந்த நுட்பத்தை 2006-இல் நீல் காஃப்டர் ‘சூப்பர் டைப் டோக்கன்’ எனப் பெயரிட்டு எழுதினார். ஜிசான் நூலகத்தின் டைப்டோக்கனும் ஜாக்சன் நூலகத்தின் டைப்ரெஃபரன்ஸும் நிற்பது இதன்மேல்தான். ஜேசானைப் பிரிக்கும்போது காரணம் தெரியாமல் அந்த வெற்று அடைப்பைத் தட்டிவருவோர் இதை ஊன்றிப் படிக்க. ஆனால் எழுதியதைத்தான் அது திருப்பிச் சொல்லும். ஜெனரிக் மெத்தடுக்குள் நின்று ‘டி’ என்று எழுதிவிட்டுக் கேட்டால், ‘டி’ என்றே விடை வரும்.

அயலார் வழக்கு

சி ஷார்ப் இயல்புப் புணர்ச்சிக் கட்சி. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் ஆண்ட்ரூ கென்னடியும் டான் சைமும் 2001-இல் வெளியிட்ட வடிவமைப்பின்படி ரன்டைமையே மாற்றி, 2005-இல் சி ஷார்ப் 2.0-இல் ஜெனரிக்ஸ் வந்தது. அங்கே எண் பட்டியலிடம் அதன் வகையைக் கேட்டால் ‘லிஸ்ட்’, ஒரு பின்சாய்ந்த மேற்கோள், ‘1’, சதுர அடைப்புக்குள் ‘சிஸ்டம்.இன்ட்32’ என்று குலம் கோத்திரத்தோடு சொல்லும். அந்த 1, வகை மாறிகளின் எண்ணிக்கை. கோட்லினோ ஜாவாவின் வீட்டிலேயே குடியிருப்பதால் அழிக்கத்தான் செய்கிறது. ஆயினும் ‘இன்லைன்’ மெத்தடில் ‘ரீஃபைடு’ என்று குறித்தால், அழைக்கும் இடத்திலேயே மெத்தடின் உடலைப் பிரதியெடுத்து, ‘டி’ இருந்த இடத்தில் உண்மை வகையை எழுதிவிடுகிறது.

மறுப்பும் விடையும்

“அயலார் செய்ததை ஜாவா ஏன் செய்யவில்லை? சோம்பலா?” என்பார்க்கு விடை: அன்று. 2004-க்கு முன் எழுதிக் குவித்த ஜாவா நிரல்களும் புதியனவும் மறுகம்பைல் கூட இன்றிக் கலந்து ஓடவேண்டும் என்பது ஜாவாவின் நிபந்தனை. சி ஷார்ப் பழைய அரேலிஸ்டை ஓரமாக விட்டுவிட்டு, வேறு நேம்ஸ்பேஸில் புதிய லிஸ்டைக் கொண்டுவந்தது. பழையதைக் கேட்கும் இடத்தில் புதியதைக் கொடுக்க முடியாது. ஜாவாவில் அதே அரேலிஸ்ட் இரண்டு தலைமுறைக்கும் ஆனது. அதற்குக் கொடுத்த விலைதான் சோதனை ஒன்றும் இரண்டும். ‘இன்ட்’ நேரே பட்டியலுக்குள் போகமுடியாமல் ‘இன்டீஜர்’ பெட்டிக்குள் ஏறிப் போவதும் அந்த விலையில் சேரும்.

முடிபு

ஜாவா மறதிக்காரி அல்லள். எழுதிக் கொடுத்ததை மட்டும் நினைவில் வைப்பவள். ஆகவே ஓடும்போது வகை வேண்டுமெனின், எழுதும்போதே அதைக் கேட்டு வாங்குக. ஸ்ட்ரிங் போன்ற எளிய வகைக்கு ஒரு கிளாஸ் பொருளை அளபுருவாகப் பெற்றால் போதும். ஸ்ட்ரிங் பட்டியல் போன்ற அடுக்கு வகைக்கு சூப்பர் டைப் டோக்கனே வேண்டும். இரண்டையும் கேளாமல் விட்டு, நள்ளிரவில் ரன்டைமைச் சபிப்போர் இவ்வாய்வின் அடுத்த பதிப்பில் சான்றாதாரமாகச் சேர்த்துக்கொள்ளப்படுவர்.