கூப்பிட்டால் வராத மணி

கேரளத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே லினக்ஸில் கை பழகுகிறார்கள். 2001இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்ததும் இந்தத் திருவனந்தபுரத்தில்தான். அப்பேர்ப்பட்ட ஊரில், கரமனை அக்ரஹாரத்தில் உட்கார்ந்துகொண்டு, கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்று ஷெல்லுக்குச் சொல்கிற பாத் என்கிற ஒற்றை மாறியிடம் நான் பட்ட பாடு வெளியே சொல்லக்கூடியதல்ல. அது 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்த ஏற்பாடு. ஏறத்தாழ என் வயசு.

நான் எழுதிய முதல் ஷெல் ஸ்கிரிப்டுக்கு டெஸ்ட் என்று பேர் வைத்தேன். அது இருந்த ஃபோல்டரை பாத்தில் சேர்த்தும் விட்டேன். டெஸ்ட் என்று அடித்து என்டர் தட்டினால் சத்தமே இல்லை. பிழைச் செய்திகூட இல்லை. எங்கள் தெருவில் நின்று "மணி!" என்று கூப்பிட்டால் முதல் வீட்டு மணிதான் எட்டிப் பார்ப்பான், கடைசி வீட்டு மணிக்குத் தகவலே போகாது. பாத்தில் முக்காற்புள்ளி போட்டு வரிசையாக எழுதிய ஃபோல்டர்களும் அப்படித்தான், முதலில் அகப்பட்டது ஓடும். என் கேஸ் அதைவிட மோசம். டெஸ்ட் என்பது ஷெல்லுக்குள்ளேயே இருக்கிற கட்டளை. கூப்பிடப் போனவன் பேரே மணி.

அடுத்தது, பாத்துக்கு மதிப்புக் கொடுக்கிற வரியின் சமக்குறி. பத்தாவது படிக்கிற அண்ணன் பெண் திரையை எட்டிப் பார்த்தாள்.

"சித்தப்பா, சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் ஏன் இடம் விட்டேள்?"

"பார்க்க அழகா இருக்கட்டுமேன்னுதான்."

அந்த அழகுக்காக ஷெல், பாத் என்று ஒரு கட்டளை இருப்பதாக நினைத்து, அதை பாத்திலேயே தேடிவிட்டு, இல்லை என்றது. இடத்தை எடுத்தேன். ஆனால் பழைய மதிப்பைச் சேர்க்காமல் என் ஃபோல்டரை மட்டும் எழுதினேன். எல்எஸ் காணோம், ஆர்எம் காணோம். உள்ளேயே குடியிருக்கும் எக்கோவும் சிடியும் மட்டும் பேசின. டெர்மினலை மூடித் திறந்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுகிற கிரானிடம் அது பலிக்கவில்லை. கொலுப் படங்களை ராத்திரிதோறும் நகலெடுக்க ஒரு ஸ்கிரிப்ட். கையால் ஓட்டினால் கச்சிதமாக ஓடும். கிரானோ நான் பாத்தை எழுதிவைத்த பாஷ்ஆர்சி ஃபைலைப் படிப்பதே இல்லை. பின், யூஎஸ்ஆர் பின் என்ற இரண்டு ஃபோல்டர்களுக்கு அப்பால் தேடாது. நான் தனியாக நிறுவிய நகல் கருவி என் ஹோமில் இருந்தது. பழைய நகலை அழிக்கிற ஆர்எம் பின்னில் இருந்தது. ஆக, அழிக்கிற வரி அழகாக ஓடியது, எடுக்கிற வரி ஓடவில்லை. கிரான் பிழையை மெயிலில்தான் சொல்லும், என் லேப்டாப்பில் மெயில் வசதியே கிடையாது. மூலப் படங்கள் பத்திரமாக இருந்ததால் வீட்டில் தலை தப்பியது.

திருத்துகிறேன் பேர்வழி என்று கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டாபின் முதல் வரியில் என் ஃபோல்டரையும் அதன் பின்னால் டாலர் பாத்தையும் எழுதினேன். அங்கே டாலர் விரியாது. எழுத்து எழுத்தாகவே கிடக்கும். அன்று ராத்திரி ஆர்எம் ஓடவில்லை, ஒரு விதத்தில் அது முன்னேற்றம்.

கிரானில் வேலை வைத்திருப்பவர்கள் ஃபோல்டர்களை முழு முகவரியோடு எழுதிவையுங்கள், பிழைகளை ஒரு லாக் ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள். புது நகல் வந்ததைப் பார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.