கொசுறும் நுகர்வோர் சமநிலையும்: ஒரு கொத்துக் கறிவேப்பிலை குறித்த நுண்ணினப் பொருளியல் ஆய்வு

நுகர்வோர் என்பவர் யார் என்று பொருளியல் பாடநூலைக் கேட்டால் இப்படிச் சொல்லும்: கையில் இவ்வளவு வருமானம் என்று வரையறுக்கப்பட்டு, எதிரே இரண்டே இரண்டு பண்டங்களோடு நிறுத்தப்பட்டவர். எதை எவ்வளவு வாங்கினால் மொத்தப் பயன்பாடு உச்சத்தைத் தொடும் என்று அவர் கணக்குப் போடுகிறார். வரவு செலவுக் கோடும் சமநோக்கு வளைகோடும் ஒன்றையொன்று தொடும் புள்ளியைக் கண்டுபிடிக்கிறார். அந்தப் புள்ளிக்குச் சமநிலை என்று பெயர். அதை அடைந்தவுடன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

காய்கறி வாங்கும் எவரும் அப்படிப் போய்ப் பார்த்ததில்லை. சமநிலை எட்டி, எல்லாம் நிறுத்து, பையில் கொட்டியான பிறகு, பணத்தை நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, "கொஞ்சம் கறிவேப்பிலை போடுங்க" என்று ஒரு குரல் எழுகிறது. பாடநூல் வரைபடத்தில் இந்தக் குரலுக்கு அச்சு இல்லை. இந்தக் குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் வரையறை. கொசுறு என்பது, விலை முடிந்த பின்னும் விடைபெறும் முன்னும் உள்ள சிறு இடைவெளியில், விலையின்றிக் கேட்டுப் பெறப்படும் துணைப்பண்டம். கேட்பது இதில் இன்றியமையாத உறுப்பு. கேளாமல் வந்தால் அது இனாம். கேட்டும் வராவிட்டால் அது அடுத்த வாரம் வேறு கடை. பால்காரர் அளந்து ஊற்றிய பின் சாய்க்கும் சொட்டு, பூக்காரம்மா முழம் போட்ட பின் விரலளவு விட்டு அறுக்கும் சரம், தராசு நேராக நின்ற பின் அதன்மேல் வந்து விழும் ஒற்றைத் தக்காளி எல்லாம் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. பழக்கம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. நியூ ஆர்லியன்ஸ் நகரக் கடைகளில் இதை 'லான்யாப்' என்று கேட்டு வாங்குவதை மார்க் ட்வைன் 1883இல் வெளியிட்ட மிசிசிப்பி ஆற்று நூலில் எழுதியிருக்கிறார். பெரு நாட்டுச் சந்தைகளில் 'யாப்பா' கேட்பார்கள். ஆயினும் உலகக் கொசுறு வகைகளில் கறிவேப்பிலைக்கு நிகரான ஆய்வுப் பொருள் வேறில்லை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. காரணம் பின்னால் வரும்.

ஆய்வுப் பொருளின் குலம் கோத்திரத்தைச் சொல்லாமல் விடுவது மரபன்று. கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் 'கோனிகி' என்றொரு பகுதி உண்டு. அது தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக்கைக் குறிப்பது. 1768இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர் அவர். 1771இல் லின்னேயஸ் இச்செடிக்கு மாணவரின் பெயரைச் சூட்டினார். ஆக, விலை கொடுக்காமல் நாம் பையில் போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு கொத்தோடும் ஒரு ஜெர்மானிய மருத்துவரின் பெயரும் இலவசமாக வீட்டுக்கு வருகிறது.

இனிக் கோட்பாடு. ஹெர்மன் ஹைன்ரிஹ் கோசென் என்ற முன்னாள் பிரஷ்ய அரசு அலுவலர் 1854இல் ஒரு நூல் எழுதினார். வானவியலில் கோப்பர்நிக்கஸ் சாதித்ததை மனித உறவுகளில் தாம் சாதித்துவிட்டதாக முன்னுரையிலேயே அறிவித்தார். நூல் விற்கவில்லை. மீந்த படிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 1858இல் கண்ணை மூடினார். 1871இல் இதே கருத்தைத் தாமாகக் கண்டடைந்து எழுதிய பொருளியலாளர் ஜெவன்ஸ், எட்டு ஆண்டுகள் கழித்து இரண்டாம் பதிப்பில், கோசென் தமக்கு முன்பே சொல்லிவிட்டார் என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். போகாத சரக்கைப் போகிற சரக்கோடு கொசுறாகச் சேர்த்துத் தள்ளிவிடும் நுட்பம் கோசென் காலத்துப் புத்தகக் கடைகளுக்குத் தெரியாமல் போனது பொருளியலுக்கு நேர்ந்த இழப்பு.

கோசெனின் முதல் விதி எல்லோரும் அறிந்தது: ஒரே பண்டம் சேரச் சேர, கூடுதலாக வரும் ஒவ்வொரு அலகும் தரும் இன்பம் குறையும். நமக்கு வேண்டியது இரண்டாம் விதி. எந்தப் பண்டத்தில் போட்ட கடைசி ரூபாயும் சமமான இன்பம் தரும்படி செலவைப் பங்கிடுவதே சமநிலை என்கிறது அது. அதாவது ஒவ்வொரு பண்டத்தின் இறுதிநிலைப் பயன்பாட்டையும் அதன் விலையால் வகுத்தால் எங்கும் ஒரே ஈவு வர வேண்டும். கத்தரிக்காய்க்கு வகுக்கலாம், வெண்டைக்காய்க்கு வகுக்கலாம். கறிவேப்பிலைக்கு வரும்போது வகுக்கும் எண் பூச்சியம். பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்று பள்ளியிலேயே சொல்லியிருக்கிறார்கள். சமநிலை இங்கே கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்குகிறது.

கோட்பாட்டாளர்களிடம் இதற்கும் ஒரு விடை உண்டு. விலை பூச்சியமானால், இறுதிநிலைப் பயன்பாடும் பூச்சியமாகும்வரை நுகர்வோர் எடுத்துக்கொள்வார் என்பார்கள். எனில் கறிவேப்பிலைக் குவியல் முழுவதையும் அள்ளிப் போவதற்குத் தடையேதும் இல்லை. ஆனால் அள்ளியவர் எவருமில்லை. ஒரு கொத்து, மிஞ்சினால் ஒன்றரைக் கொத்து. வருமானம் தடுக்கவில்லை, விலை தடுக்கவில்லை. பின் எது தடுக்கிறது?

மானம் தடுக்கிறது. இதை மானக்கோடு என அழைக்க முன்மொழிகிறேன். வரவு செலவுக் கோட்டுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் இரண்டாவது கோடு இது. வாங்கிய காய்களின் மதிப்பு கூடக்கூட இக்கோடு வலப்பக்கம் நகரும். வாரம் முழுதுக்கும் வாங்கியவர் கறிவேப்பிலையோடு கொத்தமல்லியும், மேலே இரண்டு பச்சை மிளகாயும் கேட்கலாம்; இஞ்சித் துண்டொன்றையும் கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு கட்டுக் கீரை வாங்கியவருக்குக் கறிவேப்பிலை உண்டு, ஆனால் அதோடு ஒரு பார்வையும் உண்டு. அந்தப் பார்வைதான் நிழல் விலை. தெரிந்தவர் யாராவது பக்கத்தில் நின்றால் கோடு சட்டென்று இடப்பக்கம் சாய்வதையும், பேரம் பேசித் தோற்றவர் விஷயத்தில் கோடே அழிந்துபோவதையும் எந்தத் தள்ளுவண்டி அருகிலும் காணலாம்.

கடைக்காரர் தரப்பை ஆராயாமல் விடுவது ஒருதலைப்பட்சம். கறிவேப்பிலை அவருக்கு இலவசமாக முளைப்பதில்லை. கோவை மாவட்டம் காரமடை, மேட்டுப்பாளையம் பக்கத்தில் செங்காம்பு ரகத்தைத் தோட்டம் தோட்டமாகப் பயிரிடுகிறார்கள். அது சந்தைக்கு வந்து, எடை போட்டு, காசுக்குத்தான் கைமாறுகிறது. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் மட்டும் அது திடீரென்று விலை இழக்கிறது. தேர்ந்த கடைக்காரர் அந்த இழப்பை எப்படி நிகழ்த்துகிறார் என்று கவனியுங்கள். காய் நிறுக்கும்போது போடமாட்டார். போட்டால் அது விலையில் சேர்ந்ததாகிவிடும். கேட்ட பிறகு முதலில் சிறு கொத்தாக ஒடிப்பார். வாங்குபவர் முகம் பார்ப்பார். பிறகு "இந்தாங்கம்மா" என்று இன்னொரு குச்சியைச் சேர்ப்பார். மொத்த அளவு அதேதான். மகிழ்ச்சி இரண்டு முறை. ஆதாயங்களைச் சேர்த்துக் கொடுக்காதே, பிரித்துக் கொடு என்ற இவ்விதியை பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985இல் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார். பின்னாளில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கொத்தை இரண்டாக ஒடிப்பவருக்கு அன்றைய வியாபாரம் கிடைத்தது.

அடுத்து, இவ்வாய்வின் நடுநாயகமான புதிருக்கு வருவோம். பண்டம் நுகரப்படும்போதுதான் பயன்பாடு பிறக்கிறது என்பது பொருளியலின் அடித்தளம். கேட்டு, காத்து, சில சமயம் முறைத்துப் பெற்ற அந்தக் கறிவேப்பிலையின் கதி என்ன? மதியம் ஒரு மணிக்குத் தட்டின் ஓரத்தில் அது வரிசையாக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். வேண்டும்வரை வைத்திருந்து பின் தூக்கி எறியப்படும் மனிதரைக் 'கறிவேப்பிலை மாதிரி' என்று சொல்லும் அளவுக்கு இது நாடறிந்த நடத்தை. 1938இல் பொருளியலாளர் பால் சாமுவேல்சன், மனிதர் மனத்துக்குள் என்ன இருக்கிறது என்று தோண்ட வேண்டாம், எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பார்த்தாலே விருப்பம் வெளிப்பட்டுவிடும் என்றார். காலை பத்து மணிக்குக் கேட்டு வாங்கியதை மதியம் இலை இலையாகப் பொறுக்கி வெளியேற்றும் குடும்பத்தில் வெளிப்படுவது எந்த விருப்பம் என்று அவர் சொல்லவில்லை.

மறுப்புகள் எழும். கேட்டவர் அம்மா, ஒதுக்கியவர் மகன், எனவே முரண் இல்லை என்பது ஒன்று. குடும்பத்தை ஒற்றை நுகர்வோராகக் கொள்ளும் பாடநூல் வழக்கத்தை ஒரு தட்டு சாதம் உடைத்துவிடுவதை இது காட்டுகிறதே தவிரப் புதிரைத் தீர்க்கவில்லை. அந்த அம்மாவும் தன் தட்டில் ஒதுக்கத்தான் செய்கிறார். கறிவேப்பிலையின் பணி எண்ணெயில் வாசம் விட்டதோடு முடிந்தது, ஒதுக்குவது கழிவை நீக்குவதே என்பது மற்றொன்று. இது வலுவான மறுப்பு. ஆனால் தாளிப்புக்கு ஒரு குச்சி போதும். மீதிக் கொத்து குளிர்பதனப் பெட்டியில், சென்ற வாரக் கொத்துக்கும் அதற்கு முந்தைய வாரக் கொத்துக்கும் பக்கத்தில், இடம் பிடித்துக்கொள்கிறது. அங்கே நான்காம் கொத்தின் இறுதிநிலைப் பயன்பாடு ஐயமின்றி எதிர்மறை. இது தெரிந்தும் நுகர்வோர் ஐந்தாம் கொத்தைக் கேட்கிறார். ஆகவே கொசுறின் பயன்பாடு நுகர்வில் இல்லை, கிடைத்ததில் இருக்கிறது. கொத்து பைக்குள் விழும் கணத்தில் பயன்பாடு முழுவதும் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் நடப்பதெல்லாம் தோட்டக்கலைக் கழிவு மேலாண்மை.

பூச்சியம் என்ற விலை மற்ற விலைகளைப் போன்றதல்ல என்பதற்கு அயல்நாட்டுச் சான்றும் உண்டு. 2007இல் ஷம்பனியர், மசார், ஏரியலி மூவரும் வெளியிட்ட ஆய்வில், உயர்ந்த ரகச் சாக்லேட்டை 15 சென்டுக்கும் சாதா சாக்லேட்டை 1 சென்டுக்கும் வைத்தார்கள். வாங்கியவர்களில் 73 சதவீதம் பேர் உயர்ந்ததை எடுத்தனர். இரண்டிலும் ஒரு சென்ட் குறைத்து 14, 0 என்று வைத்ததும் 69 சதவீதம் பேர் இலவசத்தின் பக்கம் போய்விட்டனர். விலை வித்தியாசம் மாறவே இல்லை. காய்கறிக் கடையிலும் இதைச் சோதிக்கலாம்: மொத்தத் தொகையில் இரண்டு ரூபாய் குறைத்தால் வாங்குபவர் "ம்" என்பார், அதே இரண்டு ரூபாய்க் கறிவேப்பிலையைப் போட்டால் வீட்டில் போய்ச் சொல்வார்.

கொசுறுக்கு அரசுப் புள்ளிவிவரத்தில் இடமில்லாதது வருந்தத்தக்கது. ஐப்பசி மழையில் கொத்தமல்லி அழுகி விலை ஏறியதும் முதலில் அது கொசுறுப் பட்டியலிலிருந்து நழுவுகிறது. "மல்லி விக்கிற வெலைக்கு எங்கக்கா போடறது?" என்ற ஒரே வாக்கியத்தில் நிதியமைச்சகத்துக்குத் தேவையான அத்தனை செய்தியும் அடங்கியிருக்கிறது. தக்காளி விலை மாறாமல், மேலே விழும் ஒற்றைத் தக்காளி மட்டும் நின்றுபோனால் அதுவும் விலையேற்றமே. கறிவேப்பிலையும் நின்றுபோகும் நாள் வந்தால் ரிசர்வ் வங்கி கூடிப் பேசுவது நல்லது.

செயலிகளின் காலத்தில் கொசுறு என்னவாகும் என்ற கேள்விக்கு 2024 மே மாதமே விடை வந்தது. காய்கறியோடு கொத்தமல்லிக்கும் தனியே காசு கேட்கிறார்களே என்று மும்பையில் ஒரு தாய் திகைத்ததை அவர் பிள்ளை சமூக ஊடகத்தில் எழுத, பிளிங்கிட் செயலியின் தலைவர் அல்பிந்தர் திண்ட்சா, குறிப்பிட்ட அளவு காய்கறி வாங்குவோருக்குக் கொத்தமல்லி இலவசம் என்று அறிவித்தார். அந்த அம்மாவுக்கு எல்லோரும் நன்றி சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். வரவேற்கத்தக்க செயல். ஆனால் கேட்கும் குரலும் இல்லை, ஒடிக்கும் கையும் இல்லை, பார்வையும் இல்லை. நம் வரையறைப்படி இது இனாம். கொசுறுக் கணக்கில் சேராது.

தீராத சிக்கல் ஒன்று மிச்சமிருக்கிறது. எங்கள் தெரு முனைத் தள்ளுவண்டிக்கு ஒரு மாலை, பெரிய கடையின் பையோடு ஓர் அம்மா வந்தார். எதையும் வாங்கவில்லை, கறிவேப்பிலை மட்டும் கேட்டார். காய் வாங்காதவருக்குக் கறிவேப்பிலை விலைப்பண்டம். கோட்பாட்டின்படி ஐந்து ரூபாயாவது கேட்டிருக்க வேண்டும். வண்டிக்காரப் பெண் பையை ஒரு பார்வை பார்த்தார், மேலே எட்டிப் பார்த்த கத்தரிக்காயையும் பார்த்தார். ஒரு கொத்தை ஒடித்து நீட்டினார்.

"எவ்ளோம்மா?"

"காசு வேணாம்மா. அடுத்த தடவ கத்திரிக்கா இங்க வாங்குங்க, சொத்தையில்லாம பாத்துப் போடறேன்."

இது கொசுறா, வராத வியாபாரத்துக்குக் கொடுத்த முன்பணமா, நாசூக்கான அபராதமா என்று இக்கட்டுரையாளர் அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா கொத்தைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"அப்படியே ரெண்டு பச்சை மிளகாயும் போடு."