ஆசிட்டை நிறுத்துங்கள்!

கேள்வி: வாராவாரம் ஆசிட் ஊற்றியும் செப்டிக் டேங்க் நாற்றம் போகமாட்டேன் என்கிறதே?

பதில்: எப்படிப் போகும்? தொட்டிக்குள் சம்பளம் கேட்காமல் உழைக்கும் பாக்டீரியாக்களை அல்லவா கொன்றுகொண்டிருக்கிறீர்கள்! முதலில், அதிகம் புழங்காத குளியலறையின் தரைச் சல்லடையைத் தூக்கிப் பாருங்கள். அடிவளைவில் தண்ணீர் வற்றியிருந்தால், வாயுவுக்கு வீட்டுக்குள் வர ராஜபாட்டைதான். இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினால் வழி அடைபடும். காற்றுக்குழாய் ஜன்னலோரம் முடியாமல் மொட்டைமாடிக்கு மேல் நிற்கட்டும். அந்தக் குழாயின் வாயில் கொசுவலை கட்டுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வரவழைத்துக் கசடை உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

ஆளை மட்டும் உள்ளே இறக்கிவிடாதீர்கள். பாதுகாப்புக் கவசமின்றி இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அதிகமானால் நாற்றமே தெரியாது. இறங்கியவர் அப்படியே சுருண்டுவிடுவார்.