பேராண்டி டெய்லர் கட்டிக்கிட்டுப் போறான்

ஏங்கண்ணு, வீடியோவுல காட்டுனியே அந்த வண்டி, நெம்ப ஜோரா இருக்குது. முன்னால பிக்கப்பு, பின்னால டெய்லரு. டெய்லருக்குள்ள மெத்தை, பிரிட்ஜ், காஸ் அடுப்பு, சுடுதண்ணிக் குழாய், மேல சோலார் தகடு. உன்ற அம்மாயி பார்த்துப்போட்டு, "பெருந்துறையில நாம வாடகைக்கு விட்டிருக்கற ஊடு இத்தனை சீரா இல்லீங்களே"ன்னா. இதை இழுத்துக்கிட்டு ஆஸ்திரேலியாப் பாலைவனத்துல கானிங் ஸ்டாக் ரூட்டுன்னு ஒரு தடத்துல போகப்போறேன், ரோசனை சொல்லுங்க அப்புச்சின்னு கேட்டே. கேட்டவனுக்குச் சொல்லாம இருக்கறது மருவாதி இல்லை.

மொதல் ரோசனை: ஒண்ணையும் விட்டுட்டுப் போயிராதே. காப்பிக் கொட்டை அரைக்கற மிசினு, மடக்குச் சேரு, துணி தொவைக்கற டப்பா, அல்லாத்தையும் ஏத்திக்கோ. உனக்கு முன்னால பர்க்கு, வில்ஸ்னு ரெண்டு பேரு அப்படித்தான் போனாங்க. 1860 ஆகஸ்ட்டுல மெல்பர்ன்ல ஒரு பார்க்குல இருந்து பொறப்பட்டாங்க. 19 ஆளு, 6 வண்டி, 26 ஒட்டகம், 20 டன்னுக்குக் கிட்ட சாமான். அதுல ஓக் மரத்து மேசை, ரெண்டு நாற்காலி, வாணம், ஒரு சீனத்துச் சேகண்டி. பாலைவனத்துல சேகண்டி யாருக்கு அடிக்கன்னு கேக்காதே, உன்ற டெய்லர்ல தண்ணி சூடு பண்ற மிசினு எதுக்குன்னு நானும் கேக்கலை. ஒரு வண்டி பொறப்பட்ட பார்க்கைத் தாண்டறதுக்கு முன்னாலயே ஒடைஞ்சு உக்காந்துருச்சு. அப்புறம் வழியில கொஞ்சங் கொஞ்சமா எறக்கி வெச்சுட்டேதான் போனாங்க. வடகடல் ஓரம் வரைக்கும் போன நாலு பேர்ல உசுரோட மீண்டவன் ஜான் கிங் ஒருத்தன். அவனுக்கும் கஞ்சி ஊத்திக் காப்பாத்துனது அந்த மண்ணு யந்த்ருவந்தா சனங்க. அவங்க ஒரு டெய்லரும் வெச்சிருக்கலை.

நீ போற தடத்தோட கதை இன்னும் வேடிக்கை. விலுனாவுல இருந்து ஹால்ஸ் கிரீக் வரைக்கும் 1,850 கிலோமீட்டர் சொச்சம். மணல்மேடு மட்டும் 900க்கு மேல. அது காருக்குப் போட்டதில்லை கண்ணு, மாட்டுக்குப் போட்டது. வடக்க கிம்பர்லி மாட்டுக்கு உண்ணி. வறண்ட காட்டு வழியா நடக்க வெச்சா உண்ணி செத்துரும், தெக்க தங்கச் சுரங்கத்துக்காரங்களுக்குக் கறியும் கெடைச்சுரும்னு கணக்கு. ஆல்பிரட் கானிங்னு ஒருத்தரு 1906ல அளந்து, 1908ல இருந்து 1910 வரைக்கும், மாடு நடந்து சேர்ற தூரத்துக்கு ஒண்ணா, 50 சொச்சம் கெணறு வெட்டுனார். அந்தியூர்ச் சந்தைக்குப் பர்கூர் மாடு ஓட்டிட்டு வந்தவனுக்கு அந்தக் கணக்கு சட்டுனு புரியும். ஆனா தண்ணி எங்கேன்னு காட்டச் சொல்லி அந்த ஊருச் சனங்களையே சங்கிலி போட்டுக் கூட்டிட்டுப் போயிருக்கார். கூடப் போன சமையக்காரரே புகார் சொல்லி, 1908ல ராயல் கமிசன் வெச்சு விசாரிச்சாங்க. விசாரிச்சு, அவரு மேல குத்தமில்லைன்னு அனுப்பிட்டாங்க. கமிசன்னா எந்த ஊர்லயும் கமிசன்தான். அந்தக் கெணத்துல தண்ணி சேந்தறப்ப இதையும் சித்த நெனைச்சுக்கோ.

இனி வண்டிக்கு வர்றேன். உன்ற பிக்கப்பு 3,500 கிலோ இழுக்கும்னு புத்தகத்துல போட்டிருக்குதுன்னு சொன்னே. இழுக்கும், ஆரு இல்லேன்னா? எத்தனை எடைங்கறதை விட, அது எங்க உக்காந்திருக்குதுங்கறதைப் பாரு. கவுந்தப்பாடிச் சந்தைக்கு வெல்லச் சிப்பம் ஏத்துறப்ப என்ற அப்பாரு மாட்டை அவுத்து நிறுத்திப்போட்டு, நொகத்தடியைக் கையில தூக்கிப் பார்ப்பார். தூக்க முடியலைன்னா முன்பாரம், மாட்டுக் கழுத்து புண்ணாகும். தானா மேல போச்சுன்னா பின்பாரம், பூட்டாங்கயிறு மாட்டுத் தொண்டையை இறுக்கும். ரெண்டு சிப்பத்தை அப்படி இப்படி நகத்தி, நொகம் கையில லேசா அமுங்கற வரைக்கும் வண்டியைப் பூட்ட மாட்டார். மேடு ஏறுறப்ப தானே முன்னால நகந்து உக்காருவார், பள்ளம் எறங்கறப்ப பின்னால போயிருவார். பாரம் பேசுனபடி கேக்காட்டி, ஆளு நகந்துக்கோணும்.

உங்கூர்லயும் டெய்லர் எடையில பத்துல ஒரு பங்காவது கொக்கி மேல உக்காரோணும்னு சொல்றாங்களாமா. 2,000 கிலோ டெய்லர்னா 200 கிலோ. என்ற அப்பாரு பள்ளிக்கூடம் போகாமயே சொன்னதுதான். ஆனா உன்ற வண்டியில ஒரு சூச்சுமம் இருக்குது. வீடியோவுல பார்த்தேன், ஸ்டெப்னி ரெண்டும் வாலுல, வெறகுக் கட்டும் வாலுல. தண்ணித் தொட்டி அச்சுக்கு முன்னால. கெளம்பற அன்னிக்கு நொகம் சரியாத்தான் நிக்கும். நீ நாளுக்கு நாள் தண்ணியைக் குடிச்சு, குளிச்சுத் தீர்த்தா முன்னெடை போயிரும், வாலு கனத்துரும். அப்புறம் கொஞ்சம் வேகம் புடிச்சாப் போதும், டெய்லரு ரெண்டு பக்கமும் ஆட ஆரம்பிச்சு உன்னையும் சேத்து ஆட்டும். அதனால ஒண்ணு ஸ்டெப்னியை முன்னால மாத்து, இல்லாட்டிக் குளிக்காதே. குளிக்காம இருக்கறது உனக்குச் சின்ன வயசுல இருந்தே நல்லா வரும்.

மணலுக்குள்ள எறங்கறதுக்கு முன்னால டயர்ல காத்தைக் குறைக்கோணும். பிக்கப்புக்குக் குறைச்சுப்போட்டு டெய்லரை மறந்துருவாங்க, அது பின்னால நங்கூரம் போட்டுரும். தடம் வரிவரியாக் கிடக்கற எடத்துல போல்ட்டு நட்டெல்லாம் தானாக் கழண்டுக்கும். வண்டியை நிறுத்தறப்பல்லாம் எறங்கி, பொறங்கையைச் சக்கரக் குடத்துல வெச்சுப் பாரு. கை பொறுக்காம எடுத்தீன்னா பேரிங்கு போகப்போகுதுன்னு அர்த்தம். போட்டோ அதுக்கப்புறம் எடு.

ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா? கேக்கறேன்னு கோவிச்சுக்காதே. உன்ற சித்தி கல்யாணத்துக்கு இட்டேரிக்குள்ள டிராக்டர் டெய்லரைப் பின்னால எடுக்கறேன்னு நீ கிழுவை வேலியை எத்தனை நீளத்துக்குப் புடுங்கிப் போட்டேன்னு ஊரே பார்த்துது. மணல்மேட்டுல பாதி ஏறி நின்னு போச்சுன்னா, அங்க திருப்ப எடம் இருக்காது. நேர் பின்னாலதான் எறங்கோணும். ஸ்டியரிங்கை அடிப்பக்கத்துல புடி. டெய்லரு எந்தப்பக்கம் போகோணுமோ, கையை அந்தப்பக்கமே மெதுவா நகத்து. டெய்லரு மடங்குச்சுன்னா நிறுத்திப்போட்டு முன்னால எடு, ரோசப்படாதே.

லீவுக்கு வந்தா, தடம் பழகறதுக்குக் கடம்பூர் மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். மாக்கம்பாளையம் போற வழியில சர்க்கரைப்பள்ளம், குரும்பூர்ப் பள்ளம்னு ரெண்டு காட்டாறு. மழை புடிச்சா அந்த ஊருக்காரங்க பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. அப்பல்லாம் டிராக்டர்க்காரன் தண்ணியைப் பார்த்ததும் எறங்கி, ஒரு குச்சியை ஊனி நடந்து பார்த்துப்போட்டுத்தான் வண்டியை விடுவான். வெறும் டெய்லரைத்தான் வெள்ளம் மொதல்ல தள்ளும். அங்கேயே டெண்ட் அடிக்கலாமான்னு கேக்காதே. 2013ல இருந்து சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், ரேஞ்சர் உன்னை மெத்தையோட சேத்து எறக்கிக் கூட்டிட்டு வந்துருவார்.

திம்பம் மலை ரோட்டையும் காட்டறேன். 27 கொண்டை ஊசி வளைவு. கரும்பு ஏத்துன லாரி எறங்கறதைப் பாரு, ஏறுறப்ப போட்ட கியர்லதான் எறங்கும். பிரேக்கையே மிதிச்சுட்டு வர்றவனைப் பாதி மலையிலயே பொகை நாத்தம் காட்டிக் குடுத்துரும். காரப்பள்ளம் பக்கம் யானை ரோட்டுல நின்னு கரும்பு வசூல் பண்ணும், ரசீதெல்லாம் கெடையாது. உங்கூர்ல அந்த எடத்துல ஒட்டகம் நிக்குமாமா. அதுகளும் நம்ம பக்கத்துச் சரக்குதான். அந்தக் காலத்துல கராச்சியில இருந்து கப்பல்ல ஏத்தி, பலூச்சி, ஆப்கான் ஆளுகளையும் சேத்துக் கூட்டிட்டுப் போனாங்க. மோட்டார் வந்ததும் அவுத்து விட்டுட்டாங்க, அது பாட்டுக்குப் பெருகிப் போச்சு. குறுக்க வந்தா ஆரன் அடிக்காதே, ஒறவு மொறை.

அந்தத் தடத்துக்கு டெய்லரே வேண்டாம்னு அந்த ஊர்ப் பழகுன ஆளுகளே சொல்றாங்களாமே. மணல்மேட்டுத் தடம் குழியாகுது, அச்சு முறிஞ்சா வந்து தூக்கறதுக்கு வாங்கற காசுல இங்க ஒரு பழைய டிராக்டரே வாங்கலாம்னு நீதான் வாய் தவறிச் சொன்னே. அதை நான் உன்ற அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. அவ கேட்டா மறைக்கவும் மாட்டேன்.

சாட்டிலைட் போன் வாங்குனியா? வாங்குனா நம்பரை அம்மாயிகிட்டக் குடு. அதுக்கு மிஸ்டு கால் குடுத்தா யாருக்குக் காசு போகும்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லிப்போடு.