ஒருநாள் ஈயும் நரி உரோமமும்: ஒரு பிரமாண விசாரம்

நியூயார்க் மாகாணத்துக் காட்ஸ்கில் மலைகளில், ஏப்ரல் மாதக் கடைசியில், பிற்பகல் இரண்டு மணி சுமாருக்கு பீவர்கில் ஆற்றின் மேல் கிளம்பும் ஒரு சிறு பூச்சியின் வயிறு என்ன நிறம் என்னும் கேள்விக்கு அறிஞர் பலர் தம் ஆயுளில் கணிசமான பகுதியை அர்ப்பணம் செய்திருக்க, அதனை அற்பமென்று ஒதுக்க நமக்கு யாதொரு அதிகாரமும் இல்லை.

முதலில் லட்சணம். மேற்படி பூச்சி மேஃப்ளை என்னும் ஒருநாள் ஈ; அது நம் ஊர் ஈசல் அன்று. ஈசல் புற்றிலிருந்து வருவது, இதுவோ ஆற்றிலிருந்து வருவது. ஏறக்குறைய ஓராண்டு காலம் கற்களுக்கடியில் ஒளிந்து வாழ்ந்து, தண்ணீர் 10 டிகிரி சென்டிகிரேடை எட்டியதும் மேலே மிதந்து வந்து, தோலுரித்துச் சிறகு விரித்து, கரையோர மரத்தை அடைந்து அங்கே மறுபடியும் ஒருமுறை தோலுரித்து (சிறகு முளைத்த பிறகும் சட்டை கழற்றும் பூச்சியினம் இது ஒன்றே), இரண்டொரு நாளில் கூடி முட்டையிட்டு மடியும். சிறகு வந்த பின் அதற்கு வாய் பயன்படுவதில்லை. தான் ஒன்றும் உண்ணாத அப்பிராணியை உண்பதற்கு டிரவுட் மீன்கள் அணிவகுத்து நிற்கின்றன. அந்நேரத்தில் வேறெதை நீட்டினாலும் அவை பெரும்பாலும் திரும்பியும் பாரா. ஆகவே இறகாலும் உரோமத்தாலும் போலி ஈ கட்டும் சாஸ்திரம் பிறந்தது.

இங்கிலாந்தில் ஹால்ஃபோர்டு 1886-இல் மிதக்கும் ஈக்களைப் பற்றி நூல் செய்தார்; 1890-இல் அவர் அனுப்பிவைத்த மாதிரிகளை அமெரிக்கரான தியோடர் கார்டன் ஆராய்ந்து, அமைதியான ஆங்கில நதிகளுக்கு ஏற்றவை தம் துள்ளும் காட்ஸ்கில் மலையாறுகளுக்கு ஒவ்வா என்று கண்டு, அவ்வூர்ப் பூச்சிகளுக்கு அவ்வூர்ப் போலிகளைக் கட்டினார். அவர் 1915-இல் காலமாக, மறு ஆண்டே அவருடைய நண்பர் ராய் ஸ்டீன்ராட், விஞ்ஞானிகள் எஃபெமெரெல்லா சப்வேரியா என்றழைக்கும் பூச்சிக்கு ஒரு போலி கட்டி, அதற்குத் தம் தோழர் ஹென்ட்ரிக்ஸனின் பெயரைச் சூட்டினார். தோழன் பெயரை ஈக்கு வைப்பது நம் ஊரில் சண்டையில் முடியும். அங்கே அது கௌரவம்.

இனி மூலப் பிரச்சினைக்கு வருவோம். ஸ்டீன்ராட் உடலுக்கு வைத்தது நரியின் அடிவயிற்று மென்மயிர். ஆர்ட் ஃபிளிக் முதலான பிற்கால ஆசாரியர்களோ, செந்நரியிலும் பெட்டை, பெட்டையிலும் அடிவயிறு, அடிவயிற்றிலும் மூத்திரம் பட்டுப் பட்டு இளஞ்சிவப்பேறிய இடம் என்று சுருக்கிக்கொண்டே போனார்கள். ஆங்கிலேயரும் இவ்வகையில் சளைத்தவரல்லர்: டிவர்ட்டன் ஊர் ஆஸ்டின் என்பவர் கட்டிய புகழ்பெற்ற ஈ ஒன்றில் செம்மறிக் கடாவின் எந்த அவயவத்துக் கம்பளி சேர்ந்தது என்பது நெடுங்காலம் இரகசியமாகவே காக்கப்பட்டது, இக்கட்டுரையும் அம்மரபை மதித்து மேலே செல்கிறது.

இவ்விடத்தில் என் சொந்த சித்தாந்தத்தை முன்வைக்கிறேன். ஹென்ட்ரிக்ஸன் போலி பெண் பூச்சிக்குரியது. அதன் ஆணுக்கு ஃபிளிக் கட்டிய ‘ரெட் குவில்’ போலியின் உடலோ சேவல் இறகின் தூவி நீக்கிய காம்பு. பெண் ஈக்குப் பெண் நரி, ஆண் ஈக்கு ஆண் கோழி! இத்தனை பெரிய ஒழுங்கு தற்செயலாக அமையுமா? அமையும் என்பான் பூர்வபட்சி. ஹென்ட்ரிக்ஸனின் சிறகு வுட் டக் என்னும் காட்டுவாத்தின் விலாப்புறத்து வரியிறகு, அது ஆண் வாத்துக்கே உரியது என்றும் காட்டுவான். சிறகு விதிவிலக்கு என்று சொல்லி அவனைக் கடக்கிறேன்.

செயல்முறை எளிதன்று. பன்னிரண்டாம் நம்பர் தூண்டில் முள்ளை வைஸ் என்னும் இடுக்கியில் இறுக்கி, வாத்திறகின் இழைகளை நிமிர்த்தி, எட்டு வடிவில் நூலோட்டி இரு சிறகாகப் பிரித்து, மெழுகு தடவிய நூலில் நரிமயிரைக் கொசுவின் கால் பருமனுக்குத் திரித்துச் சுற்றி, சாம்பல்நிறச் சேவற்கழுத்து இறகை அதன் முன்னே வளைத்துக் கட்டவேண்டும். மூச்சு சற்றே பலமாக விட்டால் நரிமயிர் மேசைக்கும் மூக்குக்கும் சமமாகப் பங்காகும்.

இத்தனைக்கும் மீன் காண்பது என்ன? ஈ வெகு அருகில் வரும்வரை, அதன் கால்கள் நீர்த்தோலில் அழுத்திய சிறு குழிகளின் மினுக்கம் மட்டுமே. ஒன்றை வேறொன்றாக அறியும் மயக்கத்தை நியாய சாஸ்திரிகள் அந்யதாக்கியாதி என்பர். கோழியிறகைப் பூச்சியென்று கொள்ளும் டிரவுட் அதற்குத் தக்க உதாரணம். பெட்டை நரியைப் பற்றி அதன் அபிப்பிராயம் இதுகாறும் பதிவாகவில்லை.

ஆயினும், பீவர்கில்லும் வில்லோவெமாக்கும் கூடும் ராஸ்கோ கூடுதுறையில், ஈக்கள் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே, தூண்டிற்காரர்கள் இடுப்பளவு குளிர்நீரில் இறங்கி மேற்படி உரோமத்தை வீசத் தொடங்கிவிடுகிறார்கள். நியூயார்க் மாகாணத்தில் டிரவுட் பருவத் தொடக்கமென வழிவழியாகக் கொண்டாடப்படும் நாள், ஏப்ரல் முதல் தேதி.